பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால்

கேள்வி: இந்த முறை ஆள் வைக்காமல் நாங்களே சுவருக்கு பெயின்ட் அடிக்கலாம் என்று இருக்கிறோம். வீடியோக்களில் ஒரே நாள் வேலை மாதிரிதான் தெரிகிறது. ஒரு சுவர் மட்டும் அடர் பச்சையில் வேண்டும் என்கிறாள் மகள், எனக்கு வெள்ளையே போதும். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாக நீங்களே அடியுங்கள். ஆனால் வீடியோவில் நீங்கள் பார்ப்பது கடைசி அரை நாளைத்தான். அதற்கு முன் நடப்பதுதான் உண்மையான வேலை, பாதிப் பேர் அதில்தான் பொறுமை இழந்துவிடுகிறார்கள்.

முதலில் சுவரில் ஓதம் இருக்கிறதா என்று பாருங்கள். எங்காவது உப்புப் பூத்தோ பெயின்ட் கொப்பளித்தோ இருந்தால், அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் முத்துக்கள் தெரிந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் எத்தனை கோட் அடித்தாலும் உரிந்துதான் வரும்.

சுவர் காய்ந்திருந்தால், சரி, பட்டி பாருங்கள், அதாவது குழி, விரிசலையெல்லாம் பட்டி (putty) பூசிச் சமமாக்குங்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்த்து, இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், பகலில் கண்ணுக்கே படாத மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். அதையும் தேய்த்துத் தூசியைத் துடைத்த பிறகுதான் ப்ரைமர் என்ற அடிப்பூச்சு, அப்புறம் பெயின்ட் இரண்டு கோட். இடையில் எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், அவசரப்படாதீர்கள். ஓரத்தில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பை மட்டும் கடைசி கோட் முழுதாகக் காய்வதற்குள் எடுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: வீடு மிகப் பழையது என்றால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பரிசோதிக்காமல் அதைத் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி குழந்தைகளுக்கு ரொம்பவே கெடுதல்.

நிறத்தில் நான் உங்கள் மகள் பக்கம். சில வருடங்களுக்கு முன் எங்கே பார்த்தாலும் வெள்ளையும் சாம்பலும்தான், இப்போது பச்சை, செம்மண், கடுகு மஞ்சள் என்று ரசனை திரும்பியிருக்கிறது, நாளைக்கு இதுவும் மாறும். மாறட்டுமே! சுவரை ஒரு வார இறுதியில் மாற்றிவிடலாம், டைல்ஸை அப்படி மாற்ற முடியாது. அதனால் ஆசைப்பட்ட நிறத்தைச் சுவருக்குக் கொடுங்கள், தரைக்கு வேண்டாம். வாங்கும் முன் ஒரு பெரிய அட்டையில் அந்தப் பச்சையை அடித்து, காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு நிறமாகத் தெரியும், இரண்டுமே பிடித்தால் வாங்குங்கள்.

கேள்வி: புத்தக அலமாரி மாட்ட நானே சுவரில் துளை போடலாமா?

பதில்: போடலாம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் மட்டும் தொடாதீர்கள், ஒயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும். சுவரை இடிப்பது, ஒயரிங், கேஸ் குழாய், இவையெல்லாம் அதற்கென்று தொழில் தெரிந்தவர்கள் செய்ய வேண்டியவை.