முதலில் ஸ்குரூவை முறுக்குங்கள், அப்புறம் கடைக்காரரைத் திட்டலாம்

மாம்பழ சீசன் வந்தால் கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் பற்றித்தான் கடிதம் வரும். இந்த முறை துப்பாக்கிக் கடிதங்கள் முந்திக்கொண்டன. சுருக்கித் தருகிறேன்.

7,000 ரூபாய்க்கு ஏர் ரைஃபிள் வாங்கினேன். பத்து மீட்டரில் ஐந்து சுட்டால் ஐந்தும் ஐந்து பக்கம் போகிறது. 3,500 ரூபாய் ஸ்கோப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா? – பாலக்கோடு வாசகர்

வேண்டாம். ஸ்கோப் குறியைப் பெரிதாகக் காட்டும், அவ்வளவுதான். சிதறுகிற துப்பாக்கி பெரிதாகத் தெரிகிற குறியைச் சுற்றியும் சிதறும்.

உங்களுடையது பேரலை, அதாவது குழலை, மடித்து ஏற்றும் ஸ்பிரிங் துப்பாக்கியாகத்தான் இருக்கும். சுடும்போதெல்லாம் உள்ளே பிஸ்டன் பாய்ந்து நிற்கிற உதறலில், தோளில் வைக்கும் கட்டையைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் தளர்ந்துவிடும். முதலில் உள்ளே பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, இல்லை என்று பார்த்துக்கொண்டு, எல்லா ஸ்குரூவையும் முறுக்குங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே வியாதி தீரும்.

அடுத்தது பெல்லட். 7,000 கொடுத்துத் துப்பாக்கி வாங்குகிறவர், பெல்லட் என்று வந்தால் கடையிலேயே மலிவான டப்பாவைத்தான் கேட்கிறார். ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் இரண்டு துப்பாக்கி எடுத்தால்கூட இரண்டுக்கும் பிடிக்கிற பெல்லட் வேறாக இருக்கலாம். தட்டைத் தலை, உருண்டைத் தலை என்று மூன்று வகை வாங்கி, வகைக்குப் பத்து சுட்டுப் பாருங்கள். பின்பக்க விளிம்பு நசுங்கியதைத் தூக்கிப் போடுங்கள்.

பிடிப்பும் முக்கியம். இந்த வகைத் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் குறி தவறும். முன்னால் தாங்கும் கையின் உள்ளங்கையை விரித்து வைத்து, துப்பாக்கியை அதன்மேல் கிடக்க விடுங்கள். துப்பாக்கியை நேரடியாக மதில் சுவர்மேல் வைத்துச் சுடாதீர்கள். புதுத் துப்பாக்கி முதல் இருநூறு முந்நூறு பெல்லட் வரை புகையும், முரண்டும், அப்புறம் அடங்கும். அதைப் பார்த்துவிட்டு உள்ளே தையல் மெஷின் எண்ணெய் விடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அந்த எண்ணெய் உள்ளேயே வெடித்து எரிந்து வாஷரைக் கெடுக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு ஐந்தும் பத்து ரூபாய் நாணயத்துக்குள் விழுந்தால், கொடுத்த காசுக்கு நல்ல துப்பாக்கிதான்.

ஆன்லைனில் நொடிக்கு 800 அடி, 1,000 அடி, 1,200 அடி என்று வேகம் போட்டிருக்கிறது. வேகம் கூடினால் குறியும் கூடும்தானே? – ஓசூர் வாசகர்

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். அந்த எண்ணைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லைசென்ஸ் இல்லாமல் நீங்கள் வாங்கக்கூடிய ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகள் எல்லை போட்டிருக்கின்றன. குழல் 0.177 அங்குலத்துக்கு மேல் கூடாது, பெல்லட் வெளியேறும் சக்தி 20 ஜூலுக்கு மேல் கூடாது. சாதாரண பெல்லட் அரை கிராம் சொச்சம். அது நொடிக்கு 1,000 அடி, அதாவது சுமார் 305 மீட்டரில் போனால் சக்தி 24 ஜூல் வருகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் கணக்குப் போட்டுத் தரும். அப்படியானால் டப்பாவில் எழுதியிருப்பது பொய், இல்லையென்றால் அந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். மூன்றாவது வழியும் உண்டு: எடையே இல்லாத அலாய் பெல்லட் போட்டு வேகத்தை அளந்து, அந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் அச்சடிப்பது. பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. அந்த பெல்லட்டில் குறி ஒழுங்காக நிற்காது. ஒலியின் வேகத்தை நெருங்கினால் பெல்லட் தள்ளாடவும் செய்யும். ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறவர்கள் நொடிக்கு 600 அடிக்குக் கீழேதான் சுடுகிறார்கள். அவர்கள் அடிக்க வேண்டிய 10 என்ற நடுப்புள்ளியின் குறுக்களவே அரை மில்லிமீட்டர்தான்.

குறைந்த வேகம் போட்டிருப்பதை வாங்குங்கள். மடிக்கவும் எளிது, உதறலும் குறைவு.

ராகிக் கொல்லையில் பன்றி இறங்குகிறது. ஏர் ரைஃபிள் போதுமா? – தேன்கனிக்கோட்டை வாசகர்

போதாது, போதுமென்றாலும் சுட்டால் 1972 வன உயிரினச் சட்டத்தில் உள்ளே போவீர்கள். வனத்துறையில் மனு கொடுத்துப் பயிர் நஷ்டஈடு கேளுங்கள்.

முன்னாள் ராணுவத்தினன். லைசென்ஸோடு இச்சாப்பூர் .315 போல்ட் ரைஃபிள் வைத்திருக்கிறேன். கிளப் ரேஞ்சில் முதல் இரண்டு தோட்டா ஒட்டி விழுகிறது, நாலாவது ஐந்தாவது மேலே ஏறுகிறது. விலை உயர்ந்த ரைஃபிளுக்கு மாறலாமா? – அரூர் வாசகர்

முதல் இரண்டு ஒட்டி விழுகிறது என்றால் ரைஃபிள் நல்லது ஐயா. பேரல் சூடேறி எங்கோ கட்டையில் முட்டுகிறது என்று நினைக்கிறேன். மூன்று சுட்டு, கையால் தொட முடிகிற அளவு ஆறவிட்டு, மறுபடி சுட்டுப் பாருங்கள். ஏற்றம் நின்றுவிட்டால் காரணம் அதுதான். கட்டையை இறுக்கும் ஸ்குரூவையும் பேரல் நுனியில் குறி பார்க்க இருக்கும் முன் சைட் ஆடுகிறதா என்பதையும் பாருங்கள். தோட்டா எல்லாம் ஒரே லாட்டாக, அதாவது ஒரே தடவையில் தயாரானதாக, இருக்கட்டும். கட்டையை மட்டும் நீங்களே செதுக்காதீர்கள். அந்த ரைஃபிளில் சில இடத்தில் மரம் பேரலைத் தாங்கத்தான் வேண்டும். லைசென்ஸ் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

தெரிந்தவர் மூலம் பழைய ஏர் ரைஃபிள் வாங்கினேன், பில் இல்லை. வந்த மறுநாள் ஸ்பிரிங் உடைந்தது. விற்றவர் போனை எடுப்பதில்லை. – காவேரிப்பட்டணம் வாசகர்

எடுக்க மாட்டார். பில் இல்லாமல் வாங்காதீர்கள் என்று இந்தப் பத்தியில் எத்தனை முறை எழுதுவது? நாளைக்குச் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினால் எதைக் காட்டுவீர்கள்? இப்போதைக்குப் புது ஸ்பிரிங் போட்டுக்கொள்ளுங்கள்.

பெங்களூரு கடையில் “ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது” என்று சொல்லி ஸ்கோப் விற்றார்கள். நாற்பது சுடுவதற்குள் உள்ளே சிலுவைக் கோடு சாய்ந்துவிட்டது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லைக் காட்டுகிறார்கள். – பர்கூர் வாசகர்

உங்கள் வலி எனக்குத் தெரியும். நானும் 900 ரூபாய்க்கு ஒன்று வாங்கி, ஐம்பதாவது பெல்லட்டில் கோடு படுத்துவிட்டது. இன்னும் அலமாரியில் இருக்கிறது. பேத்தி நிலா பார்க்கிறாள். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலும் உதறும், முன்னாலும் உதறும். பெரிய ரைஃபிளுக்குத் தாங்குகிற ஸ்கோப்கூட இதில் உடையும். அதனால்தான் “ஏற்றது” என்று சொல்லி விற்றது முக்கியம்.

“திரும்பப் பெறப்படாது” என்று பில்லில் அச்சடித்தாலும், பழுதான பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். மசியவில்லையென்றால் பெங்களூருக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த காசு ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. அதுவரை ஸ்கோப்பின் மூடியைத் திருகி உள்ளே பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். “நீங்களே பிரித்துவிட்டீர்களே சார்” என்று என் கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.