தேதி இல்லாத வேலை

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டில் காவடி கட்டும் பெரியவரையும் அரிசிக் கோலம் போடும் அவர் மனைவியையும் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவள்தான், இப்போது கூலிமில் இருக்கிறேன். என் கணவருக்கு வரும் ஜூலையில் 60 முடிகிறது. இளவயதில் நன்றாகப் படம் வரைவார். நான் பூத்தையல் போடுவேன். வேலை, பிள்ளைகள், வீட்டுக்கடன் என்று முப்பது வருடம் இரண்டுமே பெட்டிக்குள் போய்விட்டன. இனி இருவரும் முழுநேரமும் இதில் இறங்கலாம் என்று ஓர் அறையைக் காலி செய்து வைத்திருக்கிறோம். அவர்கள் மாதிரி நாங்களும் ஆக முடியுமா? அவர்களுக்கு மட்டும் வாழ்நாள் முழுக்க நேரம் எப்படிக் கிடைத்தது?

அன்புடன்,
க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நேரம் கிடைக்கவே இல்லை.

அண்ணன் (அந்தக் காவடிப் பெரியவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) 23 வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தீம்பாரில் (ரப்பர் காட்டில்) இறங்கிவிடுவார். அண்ணி ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தார். தைப்பூசத்துக்கு முந்தைய இரண்டு மாதம், சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து வெளிச்சம் போகும்வரை, லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் காவடி வேலை நடக்கும். அவ்வளவுதான் அவர்களுக்கு இருந்த நேரம்.

தோட்டத்தில் பிறந்த உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் மரத்தை இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் சீவ வேண்டும். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போதும். தடிமனாகச் சீவினால் பட்டை வீண். ஆழமாகப் போனால் மரத்தில் காயம், அந்த இடம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக்கொள்ளும், பட்டை மறுபடி வளர்ந்தாலும் கத்தி சரியாக ஓடாது. அந்தக் கைதான் போலிஸ்டைரின் பலகையில் முருகன் முகத்தைச் செதுக்குகிறது. இமைக்குக் கீழே கத்தி வந்ததும் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொள்வார். இத்தனை வருடம் பார்த்தும், அந்த இடத்தில் நானும் மூச்சைப் பிடிக்கிறேன்.

தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறியதும் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் தொழிற்சாலையொன்றில் காவலுக்குப் போனார். 2013இல் மலேசியாவில் தனியார் வேலைக்கும் ஓய்வு வயது 60 என்று சட்டம் அமலுக்கு வந்தபோது எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், அண்ணன் மட்டும் இன்னும் ஐந்து வருடமா என்று முனகினார். ஓய்வு பெற்றால் வருடம் முழுக்கக் காவடிதான் என்பது அவர் கணக்கு.

இனி, கட்டுரையில் நான் எழுதாமல் விட்டது. அழகாக இருக்காது என்றுதான் விட்டேன், அது தப்பு. ஓய்வு பெற்ற முதல் வருடம் அவர்கள் ஒன்றுமே செய்யவில்லை. சேமநிதிப் பணத்தில் பின்கட்டுக்குக் கூரை போட்டு, மேசை, விளக்கு, விசிறி எல்லாம் வாங்கியாயிற்று. அண்ணன் காலையில் பசியாறிவிட்டு வந்து கத்திகளைத் தீட்டுவார், துணியில் சுற்றி வைப்பார், பேப்பர் படிப்பார். அண்ணி குருணையில் சாயம் பிசறி நிழலில் காயவைத்து, நிறம் நிறமாகப் பாட்டிலில் அடைத்து வரிசையாக அடுக்கினார். ஒரு பாட்டிலையும் திறக்கவில்லை. ரசத்துக்கு உப்பு, விசிறி எந்தப் பக்கம் திரும்புவது என்று எல்லாவற்றுக்கும் சண்டை.

அடுத்த தைப்பூசத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது தாமான் பையன் ஒருவன் ஒடிந்த காவடியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். ஈப்போ கல்லுமலைக்கு எடுக்க வேண்டும், வேறு வழியில்லை. அன்றைக்குத்தான் பின்கட்டில் விளக்கு எரிந்தது. அதற்கப்புறம் தேதி இல்லாத வேலையை அவர் எடுப்பதே இல்லை. "எப்ப வேணும்?" என்று கேட்பார். "மெதுவா செஞ்சு குடுங்க" என்றால் அனுப்பிவிடுவார்.

உங்கள் அறை நல்லதுதான். ஆனால் அறை முக்கியமில்லை என்று நினைக்கிறேன். யாராவது ஒருவர் ஒரு குறிப்பிட்ட நாளில் உங்கள் பொருளுக்காகக் காத்திருக்க வேண்டும். ஜூலை பாதியில் ஆடி பிறந்துவிடும். உங்கள் ஊர் அம்மனுக்கு ஒரு சேலைக்கரை தைத்துத் தருகிறேன் என்று கோயிலில் இப்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இருவராக இறங்குவதில் ஒரு லாபம் உண்டு, கொஞ்சம் வலிக்கவும் செய்யும். அண்ணன் கட்டும் காவடிகளில் மயில் கழுத்து சில வருடங்களாகக் கண்ணைக் குத்தும் நீலமாகிக்கொண்டே போனது. "இது மயிலா, பெயிண்டு டப்பாவா?" என்று அண்ணி கேட்டார். பத்து நாள் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் கண்புரை ஆப்பரேஷன் நடந்தது. புரை விழுந்தால் கண்ணின் வில்லை மஞ்சளித்துப்போய் நீலம் மங்கலாகத் தெரியும். அதை ஈடுகட்டத்தான் அவர் மேலும் மேலும் பூசியிருக்கிறார். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்தவர், மாட்டியிருந்த மயிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இறக்கி, பச்சையைக் கலந்து திரும்ப அடித்தார். அண்ணியும் ஒன்றும் சொல்லவில்லை. அது பெரிய தயவு.

உங்கள் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்னு கேளு" என்றார் அண்ணன். அண்ணி அடுப்படியிலிருந்தே, "அதெல்லாம் அப்புறம். யாருக்குத் தைக்கப் போறாங்களாம், அதக் கேளு" என்றார்.

எழுதுங்கள், சொல்கிறேன்.