கிரானைட் சமையல் மேடையில் இறங்கிய எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையும் போக என்ன செய்வது? எலுமிச்சம்பழம் தேய்க்கலாமா?

எலுமிச்சம்பழத்தை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல்லில் கறை மேலாக ஒட்டியிருந்தால் சோப்புத் தண்ணீரிலேயே போயிருக்கும். போகவில்லை என்றால் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதை எவ்வளவு தேய்த்தாலும் கை வலிதான் மிச்சம். உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் வீடு பர்கூர் பக்கம். மேடைக்குப் போட்டது பாரடைசோ, சாம்பலும் ஊதாவும் அலை அலையாக ஓடும் கல். கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே வெட்டி எடுப்பது. "கிரானைட்ல எதுவும் இறங்காதும்மா" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். கடலை எண்ணெய் கேன் ஆறே மாதத்தில் அவரைப் பொய்யாக்கிவிட்டது. கேனைத் தூக்கினால் அடியில் தண்ணீர் ஊறினதுபோல ஒரு கருவட்டம்.

அதற்கு ஆப்பசோடாதான் கைகொடுத்தது. தண்ணீர் விட்டு இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, வட்டத்தின் மேல் கால் அங்குல கனத்துக்கு அப்பினேன். மேலே பாலிதீன் பையை விரித்து ஓரமெல்லாம் டேப் ஒட்டி ஒருநாள் முழுக்க விட்டேன். அப்புறம் பையை எடுத்துவிட்டு அப்படியே காயவிட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்திலேயே வழித்துவிடாதீர்கள். காயும்போதுதான் எண்ணெய் கல்லிலிருந்து மாவுக்கு ஏறும். காய்ந்ததும் தோசைக் கரண்டியால் சுரண்டாமல், பழைய ஏடிஎம் கார்டால் தள்ளினேன். முதல் தடவை பாதிதான் போனது. மூன்றாவது தடவைக்குப் பிறகு வட்டம் இருந்த இடத்தை நானே தேட வேண்டியிருந்தது.

அந்தத் தைரியத்தில் மஞ்சள் சிந்திய இடத்திலும் அதே சோடாவை அப்பினேன். கொஞ்ச நேரத்தில் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது! மாமியார் எட்டிப் பார்த்து, "மேடைக்கு ஆரத்தி எடுக்கறியா?" என்றார். அவர் சொன்னதுதான் காரணமும். ஆரத்தியில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதே, அதே வேலையைத்தான் சோடாவும் செய்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, கழுவிவிட்டேன். ஆனால் மஞ்சளுக்கு அது மருந்து இல்லை.

மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது. சட்டையில் பட்ட மஞ்சள் வெயிலில் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜன்னலோர மேடையாக இருந்தால் பாதி வேலையை வெயிலே பார்த்துக்கொள்ளும். மீதிக்கு மெடிக்கலில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி, துணியில் நனைத்துப் போட்டு, பாலிதீனால் மூடி ராத்திரி முழுக்க விட்டேன். இது வெளிர்க் கல்லுக்கு மட்டும். கறுப்புக் கல்லில் நிறம் மங்கலாம். எந்தக் கல்லானாலும் யார் கண்ணிலும் படாத மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வேறு எந்த கிளீனரோடும் கலக்காதீர்கள்.

எலுமிச்சை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், உங்கள் கல் உண்மையிலேயே கிரானைட்தானா என்று முதலில் தெரிய வேண்டும். சிங்க்குக்கு அந்தப்புறம் எங்களுக்குக் கடப்பா கல். கடப்பாவும் மார்பிளும் சுண்ணாம்பு வகை, புளிப்பு பட்டால் அரிக்கும். துண்டுக் கல் மிச்சமிருந்தால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பொடிப்பொடியாக நுரைத்தால் அது கிரானைட் இல்லை. நான் அது தெரியாமல் புளி ஊறவைத்த கிண்ணத்தை ராத்திரி முழுக்கக் கடப்பா கல்லின் மேல் விட்டுவிட்டேன். தருமபுரிச் சந்தைப் புளி, புளிப்புக்குக் கேட்கவா வேண்டும்! காலையில் கறுப்புக் கல்லில் நிலா மாதிரி ஒரு வெள்ளை வளையம். அது கறையே இல்லை, பாலிஷ் போன இடம். எந்த மாவை அப்பினாலும் வராது, ஆள் வைத்து மறுபடி பாலிஷ் போட்டால்தான் உண்டு.

போர்த் தண்ணீர் உப்பு குழாயைச் சுற்றி வெள்ளையாகப் படிந்தால் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அதே ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள். பாத்ரூம் ஆசிட்டை மேடைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

எல்லாம் எடுத்த பிறகு மேடையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால்மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். துடைத்த இடம் கறுத்துத் தெரிந்தால் கல் குடிக்கிறது, சீலர், அதாவது கறை உள்ளே இறங்காமல் தடுக்கும் பூச்சு, அடிக்க வேண்டும். கல் விற்கும் கடையிலேயே கிடைக்கும். மேடை நன்றாகக் காய்ந்த பிறகு அடியுங்கள், இல்லாவிட்டால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

கடப்பா வளையத்துக்கு நான் இன்னும் ஆள் கூப்பிடவில்லை. அதன் மேல் மிக்ஸியை வைத்திருக்கிறேன்.