பாட்டுப் புத்தகம், பழைய கொலை, பரண் டப்பா: கேள்வி பதில்

பழைய சினிமா, பாட்டுப் புத்தகம், வார இதழ்த் தொடர்கதை இவற்றின் வரலாற்றை எழுதுவது என் பாதி வேலை. மீதிப் பாதி துப்பறியும் நாவல்கள். இரண்டைப் பற்றியும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். எனக்குத் தெரிந்ததற்கும் பிடித்ததற்கும் பதில் எழுதியிருக்கிறேன். விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அம்மாவின் பெட்டியில் ஒரு சினிமாப் பாட்டுப் புத்தகம் கிடைத்தது. முன்அட்டை கிழிந்துவிட்டது. ஆண்டு எங்கேயும் இல்லை. எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இப்படி ஒரு கேள்வி வந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

முதலில் விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தியது. அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதிதான் ரூபாய்க்கு நூறு காசு என்ற கணக்கு வந்தது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. மாறிய புதிதில் இரண்டு கணக்கையும் சேர்த்துப் போட்டவர்களும் உண்டு.

அடுத்து முகவரி. விநியோகஸ்தர் முகவரியோ அச்சகத்தின் முகவரியோ கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்வது போலச் சின்ன எழுத்தில் இருக்கும். 'சென்னை-2' என்று இருந்தால் பழசு. 'சென்னை-600 002' என்று ஆறு இலக்கம் இருந்தால், 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு அச்சானது. பின்கோடு வந்தது அன்றைக்குத்தான். 'மதராஸா, சென்னையா' என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆங்கிலத்தில் பெயர் மாறியது 1996இல். தமிழில் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சென்னை என்று எழுதிக்கொண்டுதான் இருந்தோம்.

அப்புறம் எழுத்து. 'லை', 'னை', 'ணை' முன்னால் யானைத் தும்பிக்கை போலக் கொக்கி போட்டு அச்சாகியிருக்கிறதா? 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. சின்ன அச்சகங்கள் கையிலிருந்த ஈய எழுத்தை உடனே தூக்கிப் போட்டுவிடவில்லை. ஆகவே கொக்கி இருந்தால் பழசாக இருக்கலாம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கதைச் சுருக்கம் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிந்திருக்கும். அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். பின்அட்டையில் தலைவலித் தைலமோ கூந்தல் எண்ணெயோ விளம்பரம் இருந்தால் அதில்தான் பாதித் துப்பு. விலை, முகவரி, பின்அட்டை மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பார்ப்போம்.

ஒன்று மட்டும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள்.

கேள்வி: லட்சுமிகாந்தனைக் கொன்றது யார்?

பதில்: வரும் என்று தெரியும். இரண்டாவது கேள்வியாகவே வரும் என்று நினைக்கவில்லை.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக. சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பத்திரிகை நடத்தியவர் லட்சுமிகாந்தன். 1944 நவம்பர் 8ஆம் தேதி வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். டிசம்பரில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945இல் ஜூரி விசாரணை, ஆயுள் தண்டனை. மேல்முறையீடு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அங்கிருந்து வழக்கு திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

நாவலாசிரியனாக என்னிடம் இதற்கு நான்கு முடிவுகள் இருக்கின்றன. நான்கும் நன்றாகவே இருக்கின்றன. அதனால்தான் ஒன்றையும் நம்புவதில்லை. வரலாறு எழுத உட்காரும்போது, காகிதம் எந்த இடத்தில் தீர்கிறதோ அந்த இடத்தில் என் பேனாவும் நிற்க வேண்டும். விடுதலையானவர்கள் விடுதலையானவர்கள். குத்தியவர் பெயர் தீர்ப்பில் இல்லை.

கேள்வி: இந்தத் தொழிலில் சம்பாதிக்க முடியுமா? பொறியியல் படித்துவிட்டு வேலையை விடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: விடாதீர்கள்.

சரி, இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். வரலாற்றுக் கட்டுரைக்கு வரும் சன்மானம் அதை எழுத எடுத்த நகல்களின் செலவுக்குச் சரியாகப் போகும், சில மாதம் போதாது. எனக்குச் சோறு போட்டது நாவல். முப்பது நாளில் ஒரு மாத நாவல் எழுதுவேன், அந்தக் காசில் மூன்று மாதம் ஆவணக் காப்பகத்தில் உட்காருவேன். அங்கே படித்தது அடுத்த நாவலுக்குள் வரும். ஒரு தடவை ஒரு பதிப்பாளர் என் கட்டுரைத் தொகுப்புக்குப் பணத்துக்குப் பதிலாக அதே புத்தகத்தில் நூறு பிரதி கொடுத்தார். இன்னும் நாற்பது கட்டிலடியில் இருக்கின்றன.

கேள்வி: தமிழின் முதல் துப்பறியும் நாவல் எது?

பதில்: 'முதல்' என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு உடம்பு எரியும். ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' என்று பலரும் எழுதுவார்கள். அது 1908. பண்டித நடேச சாஸ்திரியின் 'தானவன்' 1894லேயே வந்துவிட்டது. நாளைக்கே 1890 என்று போட்ட புத்தகம் ஒன்றை யாராவது எடுத்து நீட்டினால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? 'கிடைத்தவற்றுள் முந்தியது' என்று எழுதிப் பழகுங்கள்.

எங்கே தேடுவது என்று கேட்டால் சொல்கிறேன். 1867ஆம் ஆண்டு அச்சுச் சட்டப்படி, அச்சாகும் புத்தகத்தை அரசிடம் கொடுத்துப் பதிய வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் காலாண்டுக்கு ஒரு பட்டியல் வெளியானது. தலைப்பு, ஆசிரியர், அச்சகம், பக்கம், விலை, எத்தனை பிரதி அச்சிட்டார்கள் என்பது வரை அதில் இருக்கும். அட்டையில் 'பத்தாயிரம் பிரதிகள் விற்றது' என்று போட்ட புத்தகம் அந்தப் பட்டியலில் ஆயிரமாகச் சுருங்கி நிற்பதைப் பார்க்கும் சுகமே தனி.

கேள்வி: பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' படம் மூன்று வருடம் ஓடியதாகத் தாத்தா சொல்வார். உண்மையா?

பதில்: மூன்று தீபாவளி. 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் வெளியாகி 1946 தீபாவளியையும் பார்த்தது என்பது கணக்கு. அதாவது இரண்டு ஆண்டும் சில நாளும்.

கேள்வி: மூன்று தீபாவளி என்றால் மூன்று வருடம்தானே? கணக்கு இடிக்கிறதே.

பதில்: பந்தலுக்கு மூன்று கால் நட்டால் நடுவில் எத்தனை இடைவெளி? படம் வெளியான நாளே முதல் தீபாவளி.

கேள்வி: தீபாவளி ஒவ்வொரு வருடமும் ஒரே தேதியில் வராதே. அதைக் கணக்கில் சேர்த்தீர்களா?

பதில்: நல்ல கேள்வி. 1944இல் அக்டோபர் 16. 1946இல் அதே மாதம், ஒரு வாரம் போலத் தள்ளி. அதைத்தான் 'சில நாள்' என்றேன்.

கேள்வி: பாகவதரைக் குறைத்துப் பேசுகிறீர்கள். நீங்கள் யாருடைய ரசிகர்?

பதில்: இரண்டு ஆண்டு ஓடியது என்று சொல்வது எந்த ஊரில் குறைத்துப் பேசுவது?

கேள்வி: கதாநாயகன் கொலை வழக்கில் சிறையில் இருக்கும்போது ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்களா? எனக்கென்னவோ விளம்பரத்துக்குக் கட்டிய கதையாகப் படுகிறது.

பதில்: இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டத்தின் முதல் இரண்டரை மாதத்தைத் தள்ளிவிட்டால், மீதி நாளெல்லாம் அவர் கம்பிக்குப் பின்னால்தான். வெளியே வருவதற்குள் மூன்றாவது தீபாவளியும் போய்விட்டது. வழக்கு கூட்டத்தைக் குறைத்ததா, கூட்டியதா? எனக்குக் கூட்டியிருக்கும் என்றே தோன்றும். ஆனால் அது தோன்றுவது.

நிரூபிக்க வழி இருக்கிறது. அந்தக் கால நாளிதழ்களில் தியேட்டர் விளம்பரப் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையாவது வாரம் என்று போட்டிருப்பார்கள். வாரம் வாரமாகக் குறித்துக்கொண்டு வாருங்கள். தினம் எத்தனை காட்சி என்பதையும் குறியுங்கள். மூன்று காட்சியும் ஓடுவது ஓட்டம், காலையில் ஒரே காட்சி போட்டு வாரத்தை நீட்டுவதும் ஓட்டம். இரண்டும் ஒன்றல்ல. ஐம்பது வாரம் நூறு வாரம் என்று எந்தப் படத்தைப் பற்றிச் சொன்னாலும் இதைக் கேளுங்கள்.

கேள்வி: என் தாத்தா பொய் சொன்னார் என்கிறீர்களா?

பதில்: இல்லை ஐயா. உங்கள் தாத்தா தீபாவளியை எண்ணினார், நீங்கள் வருடத்தை எண்ணினீர்கள். ஹரிதாஸ் பற்றிய கேள்விகளை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். இன்னும் பதினொன்று இருக்கின்றன.

கேள்வி: லட்சுமிகாந்தன் கொலையில் உண்மைக் குற்றவாளி யார் என்று உங்கள் கருத்து?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: பரணில் துருப்பிடித்த தகர டப்பாவில் ஒரு பிலிம் சுருள். பிசுபிசுவென்று ஒட்டுகிறது, ஏதோ வாடை வேறு. 'காளிதாஸ்' ஆக இருக்குமோ? புரொஜக்டர் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். 1950களின் தொடக்கம் வரை வந்த பிலிம்களில் பெரும்பாலானவை நைட்ரேட் என்ற, எளிதில் தீப்பற்றும் வகை. பற்றினால் தண்ணீரில் போட்டாலும் அணையாது, எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. டப்பாவை அடுப்பு, வெயில், மின்சாரப் பெட்டி எதற்கும் பக்கத்தில் வைக்காமல், புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். வாடை புளித்த காடி போல இருந்தால் அது அசிடேட், தீப்பிடிக்கும் பயம் குறைவு. ஆனால் அதுவும் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31இல் வெளியான, தமிழ் பேசிய முதல் படம். இன்றைக்குப் பிரதி இல்லை. உங்கள் டப்பாவில் அதுதான் இருந்தால் நானே பரண் ஏறி வருகிறேன். ஆனால் வெள்ளிக்காகப் பழைய பிலிம்களை உருக்கித் தள்ளிய நாடு இது, எதிர்பார்ப்பை அடக்கி வையுங்கள்.

கேள்வி: என் நாவல், 412 பக்கம், இணைத்திருக்கிறேன். படித்துவிட்டு…

பதில்: இல்லை.

கேள்வி: பழைய பாட்டுப் புத்தகங்கள் நாற்பது இருக்கின்றன. என்ன விலை போகும்? லேமினேட் செய்தால் கூடுதலாகக் கிடைக்குமா?

பதில்: விலை நான் சொல்வதில்லை. லேமினேட் செய்தால் திரும்ப எடுக்க முடியாது, தாள் பிளாஸ்டிக்குக்குள் சமாதி ஆகிவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் நிழலில் வைத்துப் படம் எடுங்கள். பிறகு சென்னை தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கோட்டையூர்க்காரர் ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்ததிலிருந்து பிறந்த நூலகம் அது, நாற்பது புத்தகத்தின் அருமை அவர்களுக்குத் தெரியும். செல்லோடேப்பும் கூடாது, முன்பே சொன்னேன். அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், பிரித்தால் எழுத்தோடு வரும்.

கேள்வி: உங்கள் நாவல் ஒன்றில் 1965 தேதியிட்ட உயில் வருகிறது. அதன் முகவரியில் 'சென்னை-600 018'. பின்கோடு 1972 என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள். இது பிழை.

பதில்: இன்னும் முப்பது பக்கம் படியுங்கள். அந்த உயில் போலி. அந்தப் பின்கோடுதான் குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்கிறது. இப்போது முடிவைச் சொல்லிவிட்டேன், படிக்காதவர்கள் மன்னிக்கவும்.

கேள்வி: இவ்வளவு திட்டமிட்டுக் கொலை செய்கிறவன் பின்கோட்டில் கோட்டை விடுவானா?

பதில்: விடுவான். தேதியை யோசித்து எழுதுவோம், முகவரியைக் கை எழுதும். வருடம் பிறந்து ஒரு மாதம் வரை நீங்கள் பழைய ஆண்டையே எழுதி அடிப்பதில்லையா? போலி ஆவணங்களில் நான் தேடுவது மூளை எழுதியதை அல்ல, கை எழுதியதை.

கேள்வி: சரி. அதே நாவலில் 1966இல் அச்சான நாடக நோட்டீஸில் 'கட்டணம் 50 ந.பை.' (நயா பைசா) என்று வருகிறது. 1964 ஜூனிலேயே 'நயா' போய் வெறும் பைசா ஆகிவிட்டதே. இதுவும் துப்பா?

பதில்: பிடித்துவிட்டீர்கள். இது துப்பு இல்லை, என் பிழை. பழைய பிளாக்கையே அச்சகத்தார் மறுபடி போட்டுவிட்டார் என்று சொல்லித் தப்பிக்கலாம். மனசு வரவில்லை. அடுத்த பதிப்பில் திருத்துகிறேன்.

கேள்வி: லட்சுமிகாந்தன்…

பதில்: மேலே.

கேள்வி: காலமான எழுத்தாளரின் நாவலை மறுபதிப்புப் போடலாமா?

பதில்: அவர் இறந்த ஆண்டு முடிந்து அறுபது ஆண்டு ஆகியிருந்தால் போடலாம். புனைபெயரில் வந்து, எழுதியது யார் என்றே தெரியாவிட்டால், வெளியான ஆண்டிலிருந்து அறுபது. அதற்கு மேல் வக்கீலிடம் கேளுங்கள்.

கேள்வி: முதலில் கேட்டது நான்தான். விலை '25 ந.பை.' என்று இருக்கிறது. முகவரி சென்னை-17. பின்அட்டையில் கூந்தல் தைலம். படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: மேலே என் காலை வாரிய அதே 'ந.பை.' உங்களுக்கு வழி காட்டிவிட்டது. 1957 ஏப்ரலுக்கும் 1964 ஜூனுக்கும் நடுவில், கொஞ்சம் முன்பின் இருக்கலாம். முகவரி அதற்கு ஒத்துப்போகிறது. ஏழு ஆண்டாகச் சுருக்கிவிட்டோம், மோசமில்லை. பாட்டுகளின் முதல் வரிகளை எழுதி அனுப்பினால் படத்தின் பெயரையே சொல்லிவிடலாம்.

படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். பின்அட்டையின் ஓரத்தில் பளபளவென்று மின்னுகிறதே, அது என்ன?