மெஷினை அப்புறம் பாருங்கள், முதலில் ராடு

கேள்வி: பெருந்துறைப் பக்கம் ஆறு மாடு வைத்திருக்கிறேன். கொட்டகைக்கு கேட், தீவனத் தொட்டிக்குச் சட்டம் என்று சில்லறை வேலை வந்துகொண்டே இருக்கிறது. பட்டறைக்காரரைக் கூப்பிட்டால் நாலு நாள் இழுக்கிறது. நானே பத்தவைத்துக்கொள்ளலாம் என்று 200 ஆம்ப் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினும் 10 நம்பர் வெல்டிங் ராடும் வாங்கினேன். ஒரு இஞ்ச் ஸ்கொயர் ட்யூப்பில் தொட்டதும் ஓட்டை விழுகிறது. ஆங்கிளில் வைத்தால் ராடு ஒட்டிக்கொள்கிறது. '7018 ரக ராடு வாங்கு, அதுதான் ஸ்ட்ராங்' என்கிறார் நண்பர். வீட்டில் சிங்கிள் பேஸ். மாற்ற வேண்டியது மெஷினையா, ராடையா?

பதில்: ராடை. கூடவே எர்த் கிளாம்ப், அதாவது மெஷினின் இன்னொரு வயரை இரும்போடு இணைக்கும் கவ்வி, மாட்டும் இடத்தையும்.

நீங்கள் வாங்கிய ஒரு இஞ்ச் ட்யூப் பெரும்பாலும் 16 கேஜாக இருக்கும், அதாவது சுவர் 1.6 மிமீ. 18 கேஜ் என்றால் 1.2 மிமீதான். கடையில் '10 நம்பர்' என்று கொடுத்த ராடின் கம்பி 3.15 மிமீ. இரும்பைவிட ராடு இரண்டு மடங்கு தடிமன். அந்த ராடு ஒழுங்காக எரிய 90 முதல் 130 ஆம்ப் வேண்டும்; அவ்வளவு சூட்டை 1.6 மிமீ தகடு தாங்காது. ஓட்டை விழுந்ததும் பயந்து ஆம்பை 70-க்குக் குறைத்திருப்பீர்கள். அதே 70-ல் ஆங்கிளுக்குப் போனால் 10 நம்பர் ராடு ஒட்டத்தான் செய்யும். இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றுதான்.

கடைக்காரர் சொல்லும் நம்பர் கம்பி கேஜ் கணக்கு. நம்பர் ஏற ஏற ராடு மெலியும்: 8 நம்பர் 4 மிமீ, 10 நம்பர் 3.15, 12 நம்பர் 2.5, 14 நம்பர் 2 மிமீ. இரும்பின் தடிமனை அதிகம் தாண்டிய ராடை எடுக்காதீர்கள் என்பது பழகும்போது வைத்துக்கொள்ள நல்ல கணக்கு. 3 மிமீ ஆங்கிள், 5 மிமீ பட்டை இரண்டுக்கும் 12 நம்பர் போதும், 60 முதல் 90 ஆம்ப். ட்யூப்புக்கு 14 நம்பர், 40 முதல் 60 ஆம்ப். 16 கேஜில் கை பழகியபின் 12 நம்பரையே 60-ல் வைத்து ஓட்டலாம், ஆனால் முதல் மாதம் வேண்டாம். 10 நம்பர் பாக்கெட் கெட்டுப்போகாது. 6 மிமீ தகடு பத்தவைக்கும் நாள் வரும்வரை உலர்ந்த இடத்தில் கட்டி வையுங்கள்.

இனி சாதாரண ரகமான 6013-ஆ, நண்பர் சொன்ன 7018-ஆ என்ற கேள்வி. இந்த எண்கள் ராடின் ரகத்தைச் சொல்பவை. முதல் இரண்டு இலக்கம் பத்தவைத்த உலோகத்தின் இழுவைத் தாங்குதிறன்: 60 என்றால் ஒரு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு, 70 என்றால் 70,000. நாம் வாங்கும் சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஆங்கிளுக்கு இந்தியத் தரம் கேட்கும் குறைந்தபட்சம் 410 மெகாபாஸ்கல், அதாவது 60,000 பவுண்டுக்கும் கொஞ்சம் கீழே. 6013 ராடே இரும்புக்கு ஈடு கொடுத்துவிடுகிறது. கேட் உடைந்தால் அது ராடு பலமில்லாமல் உடைவதில்லை, உள்ளே உருகாமல் மேலே மட்டும் ஒட்டியிருப்பதால் உடைகிறது. ஸ்ட்ராங் ராடு வாங்கினால் அது சரியாகாது.

7018 நல்ல ராடுதான். தடித்த தகடு, டிராக்டர் கொக்கி, கார்பன் கூடுதலான இரும்பு போன்றவற்றில் ஹைட்ரஜன் புகுந்து விரிசல் விடாமல் காப்பதற்கென்றே அதன் பூச்சு உருவாக்கப்பட்டது. ஆனால் அந்தப் பூச்சு ஈரத்தை உறிஞ்சும். பாக்கெட் பிரித்து ஆடி மாதக் காற்றில் வைத்திருந்தால், மறுபடி 300 முதல் 350 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுட்டால்தான் அதன் குணம் திரும்பும். வீட்டு ஓவனில் அந்தச் சூடு வராது. பாதியில் நிறுத்திய 7018-இன் நுனியில் கண்ணாடிபோல ஒரு மூடி உட்கார்ந்துவிடும். மறுபடி பத்தவைக்கத் தட்டித் தட்டிப் பூச்சே உதிர்ந்துபோகும். பழகுகிறவர் எரிச்சலாகி மெஷினையே மூலையில் வைக்க வைக்கும் ராடு அது. 6013 அப்படியில்லை. சுலபமாகப் பற்றும், கசடு (பூச்சு உருகி மேலே படியும் ஓடு) தானாகப் பெயரும், ஏசி, டிசி எதிலும் எரியும். மழைக்காலத்தில் நமத்துப்போனால் 100 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் உலர்த்தினால் போதும். அதற்குமேல் சுட்டால் அதற்குத் தேவையான கொஞ்ச ஈரமும் போய்க் கெட்டுவிடும்.

வாங்கும்போது பெட்டியில் 'ஐஎஸ் 814' என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ராடை எடுத்து நுனியை நேராகக் கண் முன் பிடியுங்கள். கம்பி நட்டநடுவில் இருந்து, பூச்சு சுற்றிலும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால், எரியும்போது தடித்த பக்கம் நகம் வளர்ந்ததுபோல நீண்டு நிற்கும், நெருப்பு ஓரமாக இழுக்கும். கையை எவ்வளவு நேராகப் பிடித்தாலும் கோடு கோணும். கம்பியில் துரு, பூச்சில் வெள்ளைப் பொடி என்றால் அந்தப் பாக்கெட் நனைந்து காய்ந்தது. 12 நம்பர் ராடு, 350 மிமீ நீளத்தில், கிலோவுக்கு ஏறக்குறைய 50 வரும். பழகவே இரண்டு கிலோ தீர்ந்துவிடும், அதில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

மெஷினுக்கு வருவோம். '200' என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பதை விட்டுவிட்டு, பின்புறத் தகட்டைப் படியுங்கள். இந்த மெஷின்களுக்கான கணக்கில் நெருப்பின் வோல்ட்டேஜ், ஆம்பை 0.04-ஆல் பெருக்கி 20 கூட்டினால் வருவது. 200 ஆம்புக்கு 28 வோல்ட், அதாவது 5.6 கிலோவாட் வெளியே வர வேண்டும். 230 வோல்ட்டில் 20 ஆம்ப் உள்ளே இழுக்கிறது என்று அதே தகட்டில் போட்டிருந்தால் உள்ளே போவதே 4.6 தான். போனதைவிட வருவது எப்படி அதிகமாகும்? அது 200 ஆம்ப் மெஷின் இல்லை. அதற்காகத் தூக்கிப் போடவும் வேண்டாம், உங்களுக்கு வேண்டியது 90 ஆம்ப். ட்யூட்டி சைக்கிள் 60% என்று இருந்தால் அந்த ஆம்பில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் ஓட்டலாம் என்று பொருள். 12 நம்பர் ராடு ஒன்று எரிய ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். கசடு தட்டி, பிரஷ் போட்டு, அடுத்த ராடு மாட்டுவதற்குள் மெஷின் ஆறிவிடும்.

வீட்டு லைனில்தான் உண்மையான முட்டுக்கட்டை. 80 ஆம்பில் பத்தவைக்க, மெஷினின் இழப்புகளையும் சேர்த்தால், சுவரிலிருந்து சுமார் 14 ஆம்ப் போகும். 16 ஆம்ப் பிளக் அதைத் தாங்கும். 10 நம்பர் ராடை 120-ல் ஓட்டினால் 22 ஆம்ப் ஆகிவிடும். எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) விழும், அல்லது பிளக் கருகும். அதற்குத் தனியாக 6 சதுர மிமீ வயரும் 32 ஆம்ப் எம்சிபியும் போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் மெலிதாக இருந்தாலும் வம்புதான்: 1.5 சதுர மிமீ வயர் 30 மீட்டர் போய் அதில் 15 ஆம்ப் ஓடினால் 11 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். மாலையில் ஏற்கெனவே 190-க்கு இறங்கிய ஊரில் அதற்குப்பின் ராடு ஒட்டாமல் என்ன செய்யும்? எக்ஸ்டென்ஷன் 2.5 சதுர மிமீக்குக் குறையாமல் இருக்கட்டும், சுருட்டி வைத்தபடி ஓட்டினால் சுருளே சூடேறி உருகும். மோட்டாருக்கு வந்திருக்கும் இலவச விவசாய இணைப்பில் கை வைக்க வேண்டாம், வேறு உபயோகத்துக்கு எடுப்பது சட்டப்படி குற்றம்.

மெஷினோடு வந்த ஹோல்டர் (ராடைப் பிடிக்கும் கைப்பிடி) வயர் பெரும்பாலும் இரண்டு மீட்டர்தான் இருக்கும், மெலிதாக. அதன் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறத்துக்குக் கீழே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. 25 சதுர மிமீ செம்பு வெல்டிங் கேபிள் ஐந்து மீட்டர் வாங்கி மாற்றுங்கள். எர்த் கிளாம்ப்புக்குப் பணத்தைவிடக் கவனம்தான் அதிகம் வேண்டும். பெயிண்ட் மேலும் துரு மேலும் மாட்டிவிட்டு ஆம்பை ஏற்றிக்கொண்டே போவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கிரைண்டரால் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளி தெரியத் தேய்த்து, பத்தவைக்கும் இடத்துக்கு ஓர் அடிக்குள் மாட்டுங்கள். உங்கள் ஆங்கிளில் ராடு ஒட்டியதில் பாதிப் பங்கு இதற்கு இருக்கும்.

கொட்டகையில் இன்னொரு காரணமும் உண்டு. கிளாம்ப் தூரத்தில் இருந்தால் கரண்ட் கொட்டகைச் சட்டம், போல்ட், சங்கிலி எல்லாவற்றிலும் சுற்றித் திரும்பும். ஈரத் தரையில் நிற்கும் மாடு நம்மைவிடக் குறைந்த வோல்ட்டேஜிலேயே துள்ளிவிடும். மாடுகளை வெளியே கட்டிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். வைக்கோல் 35 அடிக்குள் இருக்கக் கூடாது. முடித்தபின் ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் ஒரு கண் இருக்கட்டும், பொறி உள்ளே புகைந்து தாமதமாகத்தான் பிடிக்கும்.

டிசி மெஷினில் எந்த வயர் எந்தப் பக்கம்? ட்யூப்புக்கு ஹோல்டரை மைனஸில் போடுங்கள், சூடு இறங்குவது குறையும். 7018 என்றைக்காவது எடுத்தால் ஹோல்டர் பிளஸில்.

ட்யூப்பில் நீளமாக இழுக்காதீர்கள். நாலு மூலையும் டேக் போட்டு, அதாவது சின்னப் புள்ளியாகப் பத்தவைத்துப் பிடித்து, 10 அல்லது 15 மிமீ ஓட்டி நிறுத்தி, எதிர்ப்பக்கம் போய் அடுத்ததை ஓட்டுங்கள். இடுக்கு ஒரு மிமீக்கு மேல் இருந்தால் ஓட்டை நிச்சயம். வெட்டும்போதே துல்லியமாக வெட்டுங்கள். தவறிவிட்டால் ஒரு ராடின் பூச்சைத் தட்டி உதிர்த்து, வெறும் கம்பியை இடுக்கில் வைத்து அதன்மேல் ஓட்டுவது பட்டறை வழக்கம். கேட்டுக்கு அது சரி, பாரம் தாங்கும் இடத்தில் கூடாது. துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பாக இருந்தால் பத்தவைக்கும் இடத்தின் இருபுறமும் ஒரு இஞ்ச் துத்தநாகத்தை முழுக்கத் தேய்த்து எடுங்கள். துத்தநாகம் எரியும் வெள்ளைப் புகையை இழுத்தால் சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை போனது நுரையீரலுக்கு.

ராடைத் தீக்குச்சி உரசுவதுபோல இழுத்துப் பற்றவையுங்கள். பற்றியதும் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே ராடின் கனம் அளவே இடைவெளி, 2.5 மிமீ. போகும் திசைக்கு ராடை 10, 15 டிகிரி சாய்த்து, நெருப்பைப் பார்க்காமல் அதன் பின்னால் உருகி நிற்கும் குளத்தின் விளிம்பைப் பாருங்கள். எண்ணெயில் வடகம் பொரிகிற மாதிரிச் சத்தம் சீராக வந்தால் இடைவெளி சரி. படபடவென்று வெடித்துத் துளி சிதறினால் ராடு விலகிவிட்டது. கோடு உருண்டு மேலே உட்கார்ந்தால் ஆம்ப் போதவில்லை, ஓரத்தில் பள்ளம் விழுந்தால் அதிகம். ராடு ஒட்டிக்கொண்டால் ஹெல்மெட்டைத் தூக்காமல் ஒரு முறுக்கு முறுக்குங்கள்; வரவில்லை என்றால் ஹோல்டரின் பிடியை அழுத்தி ராடை விட்டுவிடுங்கள்.

ஹெல்மெட் தானாக இருளும் வகையாக வாங்குங்கள். ஒரு கை ராடுக்கு, மறு கை இரும்பைப் பிடிக்க வேண்டியிருக்கும். கைக் கண்ணாடி பழகுகிறவருக்கு உதவாது. ஷேடு, அதாவது கண்ணாடியின் கருமை எண், 12 நம்பர் ராடுக்கு 10, 10 நம்பர் ராடுக்கு 11. வெறும் கறுப்புக் கண்ணாடி மட்டும் போட்டால் கழுத்தும் முகமும் வெந்துவிடும். நெருப்பைத் தவறிப் பார்த்தால் உடனே ஒன்றும் தெரியாது, ராத்திரிதான் கண்ணில் மணலை வாரிப் போட்டதுபோல உறுத்தும். ஓரிரு நாளில் ஆறிவிடும். தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். வலி தாங்கவில்லை என்றால் கண் டாக்டரிடம் போங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் கையுறை, மூடிய ஷூ. லுங்கியும் ரப்பர் செருப்பும் ஆகாது.

கேட்டைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. 5 மிமீ பட்டையில் நாலு இஞ்ச் துண்டு இரண்டை, ஒன்றின்மேல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரே பக்கம் மட்டும் பத்தவையுங்கள். ஆறியதும் வைஸில் பிடித்து, பத்தவைத்த பக்கத்தை நோக்கி மடங்கும்படி எதிர்ப்பக்கத்திலிருந்து சம்மட்டியால் அடியுங்கள். மடங்கி நின்றால் நல்லது. பிய்ந்துவிட்டால் உள்பக்கத்தைப் பாருங்கள்: மூலையில் வெட்டிய பட்டையின் பழைய விளிம்பு அப்படியே தெரிந்தால் உருகவில்லை, பத்து ஆம்ப் ஏற்றுங்கள்; கறுப்புக் கோடு ஓடினால் கசடு மாட்டியிருக்கிறது, ராடைச் சற்று வேகமாக நகர்த்தி இடைவெளியைக் குறையுங்கள்; ஊசித் துளைகள் இருந்தால் துருவோ எண்ணெயோ ஈர ராடோ காரணம். மூன்று துண்டு தொடர்ந்து மடங்கி நின்றபின் கேட்டும் தொட்டிச் சட்டமும் உங்கள் கையில் ஆகும். கூரைச் சட்டத்தை மட்டும் பட்டறைக்காரரிடமே விடுங்கள், நாலு நாள் ஆனாலும்.