இல்லத்தரசிகளுக்கான ஊட்டச்சத்துக் கல்வியில் கணக்கெடுப்பு முடிவுகள் எவ்வாறு பயன்படுகின்றன?

இல்லத்தரசிகள் உணவைப் பற்றி என்ன அறிந்திருக்கிறார்கள், என்ன உண்கிறார்கள் என்று கேட்டறியும் கணக்கெடுப்புகளுக்காக வினாத்தாளுடன் வீடு வீடாகச் சென்றிருக்கிறேன். பின்னர் அவற்றின் அடிப்படையில் வகுப்புகளும் எடுத்திருக்கிறேன். என் அனுபவத்தில், பாடத்திட்டத்திலிருந்து எதை நீக்கலாம் என்பதைத்தான் முடிவுகள் முதலில் காட்டித் தருகின்றன.

அறிவு, மனப்பான்மை, நடைமுறை மூன்றையும் தனித்தனியே அளப்பது இத்துறையில் வழக்கம். கீரையில் இரும்புச்சத்து உண்டா என்று கேட்டால் பெரும்பாலோர் தயங்காமல் உண்டு என்பார்கள். ஆனால் கடந்த 24 மணி நேர உணவுப் பட்டியலில் கீரை இருக்காது. அப்படியிருக்க, இரும்புச்சத்தின் பெருமையை மறுபடியும் ஒரு மணி நேரம் விளக்குவது வீண். ஆய்ந்து அலசி நறுக்க நேரமில்லை என்பது காரணமானால் வகுப்பில் வேலையைச் சுருக்கும் வழிகளைச் செய்து காட்ட வேண்டும். சமைத்தாலும் வீட்டில் ஒதுக்கிவிடுகிறார்கள் என்பது காரணமானால் ஒதுக்குபவர்களையும் வகுப்புக்கு அழைக்க வேண்டும். மாறாக, உணவோடு தேநீர் அருந்துவது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பது பலருக்கும் புதிய செய்தி. அதற்கு நேரடி விளக்கமே போதும்.

விடைகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், வீட்டில் சமைத்தவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்வார்கள். "அதில் உங்கள் தட்டுக்கு வந்தது எது?" என்று மறுபடி கேட்கும்போதுதான் பட்டியல் பாதியாகக் குறையும். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் அளவுகோல், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்கள் தானியம், பருப்பு, கீரை போன்ற பத்து உணவுத் தொகுதிகளில் ஐந்தையாவது முந்தைய நாளில் உண்டார்களா என்று பார்க்கிறது. தட்டுக்கு வந்தது எது என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டால் அந்தக் கணக்கே பொய்யாகிவிடும். (அந்த அளவுகோல் ஒரு குழுவின் நிலையை அறிவதற்கானது; தனியொருவருக்கு மதிப்பெண் போடுவதற்கன்று.)

உப்பு இதைவிடச் சிக்கலானது. எவ்வளவு போடுகிறீர்கள் என்றால் "கைப்பக்குவம்தான்" என்பார்கள். ஆகவே ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வருகிறது, எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கேட்பேன். நான்கு பேருக்கு 25 நாள் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்போ ஐந்து கிராமுக்கும் கீழ். கழுவும் நீரில் போவது இதில் கழிக்கப்படவில்லை, வெளியில் வாங்கிச் சாப்பிடுவது இதில் சேரவில்லை என்றாலும், தம் வீட்டுக் கணக்கைத் தாமே வகுத்துப் பார்த்தவர்கள் அடுத்த வகுப்புக்கு அளவுக் கரண்டியோடு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வகுப்புகள் முடிந்தபின் எடுக்கும் இரண்டாம் கணக்கெடுப்பில், கற்றதை ஒப்பிக்கும் ஆர்வத்தில், உப்பைக் குறைத்துவிட்டோம் என்றே பலரும் சொல்வார்கள். அதனால் அப்போதும் நான் கேட்பது, இந்த முறை ஒரு கிலோ எத்தனை நாள் வந்தது என்பதைத்தான்.