அமுதசுரபியும் விண்வெளி லிஃப்ட்டும் – கடிதம்

அன்புள்ள சார்,

இயற்பியல் முதுகலை படிக்கிறேன். ஒரு கதை எழுதி வைத்திருக்கிறேன். கோடையில் குளம் வற்றும்போது, அதில் மூழ்கி இறந்தவர்களின் குரல் கரையில் கேட்கிறது. ஒரு தாய் தினமும் வந்து மகனின் குரலைக் கேட்டுவிட்டுப் போகிறாள். "அறிவியல் படித்துவிட்டு ஃபேண்டஸியா எழுதுவாய், அது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம்" என்று நண்பர்கள் சொன்னார்கள். அதனால் களிமண்ணில் ஒலி பதிவாவதாகக் கடைசியில் இரண்டு பக்கம் விளக்கம் சேர்த்தேன். கதை செத்துப்போன மாதிரி இருக்கிறது. இனி எந்தப் பக்கம் போவது? வாசிப்பதிலும் எனக்கு இதே குழப்பம்தான்.

எம்.

அன்புள்ள எம்.,

இணைத்திருந்த கதையைப் படித்தேன். கதை எங்கே செத்தது என்பதை நீங்களே சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஏன் என்பதைப் பேசலாம்.

முதலில் உங்கள் நண்பர்கள் சொன்னது. ஃபேண்டஸியில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், கணக்குக் கேட்க ஆளில்லை என்றொரு எண்ணம் நம்மிடம் வலுவாக இருக்கிறது. நான் இதை முழுக்க மறுக்கிறேன். ஃபேண்டஸி, அறிவியல் புனைகதை இரண்டுக்கும் கணக்கு உண்டு. யாரிடம் கணக்குக் காட்டுகிறோம் என்பதுதான் வேறு.

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 முதல் 2008-இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். 1979-இல் வந்த அவருடைய நாவலில், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு லிஃப்ட் கட்டுகிறார்கள். அதை அவர் தனக்குப் பிடித்த இலங்கையிலேயே, சிவனொளிபாத மலையை மாதிரியாகக் கொண்ட ஒரு மலையின் உச்சியிலிருந்து கட்ட ஆசைப்பட்டார். ஆனால் பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றி, ஒரே இடத்துக்கு மேலே அசையாமல் நிற்கும் செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில்தான் நிற்க முடியும். அங்கிருந்து கேபிளை இறக்கினால் அதன் கால் நிலநடுக்கோட்டில் வந்து இறங்குவதுதான் இயல்பு. இலங்கையோ அதற்கு வடக்கே இருக்கிறது. கிளார்க் என்ன செய்தார்? தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி, தப்ரபேன் என்ற பழைய பெயரை வைத்தார். மலையின் உயரத்தை இரண்டு மடங்காக்கினார். செய்ததை வாசகரிடம் ஒளிக்காமல் சொல்லவும் செய்தார். வரைபடத்தை மாற்றத் துணிந்தவர் புவியீர்ப்பின் கணக்கைத் தொடவில்லை. எனக்கு இது அறிவியல் புனைகதையின் மிக உயர்ந்த நேர்மையாகத் தோன்றுகிறது.

இப்போது மணிமேகலையில் வரும் ஆபுத்திரனைப் பாருங்கள். மதுரையில் சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபி என்ற அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைத் தருகிறாள். சோறு எங்கிருந்து வருகிறது என்று சாத்தனார் ஒரு வரிகூட விளக்கவில்லை, நாமும் கேட்பதில்லை. ஆனால் பிறகு நடப்பதைக் கவனியுங்கள். இந்திரன் கோபத்தில் அவனை அழிக்கவில்லை. பாண்டிய நாட்டில் மழை பெய்ய வைக்கிறான். நாடு செழிக்கிறது, பசித்தவர் யாருமில்லை, பாத்திரத்துக்கு வேலை போய்விடுகிறது. ஆபுத்திரன் பஞ்சம் வந்த சாவக நாட்டுக்குக் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு, கையில் வற்றாத சோறு. பல உயிருக்கு ஊட்டிய பாத்திரத்தைத் தன் ஒரு வயிற்றுக்காக வைத்திருக்க மனமில்லாமல், அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமலே உயிர்விடுகிறான். எவ்வளவு கறாரான கதை! பிறர் பசிக்காக வந்த பாத்திரம் என்று ஒருமுறை சொல்லியாகிவிட்டது. அந்த விதியைக் கடைசிவரை பின்பற்றி, தன் நாயகனையே பறிகொடுக்கிறார் கவிஞர். இதைச் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று எப்படிச் சொல்வது?

அதனால் டிராகன் இருந்தால் ஃபேண்டஸி, ராக்கெட் இருந்தால் அறிவியல் என்று பிரிக்காதீர்கள். ஆன் மெக்காஃப்ரி 1967 முதல் பெர்ன் என்ற கிரகத்தை வைத்து எழுதிய கதைகளில் டிராகன்கள் நெருப்புக் கக்குகின்றன. ஆனால் அந்தக் கிரகத்தின் சிறு பிராணி ஒன்றிலிருந்து மரபணு மாற்றத்தால் உருவாக்கப்பட்டவை அவை; பாஸ்ஃபீன் என்ற தீப்பற்றும் வாயு உள்ள கல்லை மென்றால்தான் தீ வரும். முதல் கதை வெளிவந்ததும் ஒரு அறிவியல் புனைகதை இதழில்தான்.

சரி, உங்கள் குளம்.

களிமண்ணில் ஒலி பதிவாகும் என்று எழுதிவிட்டீர்கள் என்றால், இயற்பியல் மாணவியான நீங்கள் அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும். மண்ணுக்கு இறந்தவரின் குரலை மட்டும் பொறுக்கத் தெரியுமா? எருமை, பம்ப்செட், கோயில் கொடையின் ஒலிபெருக்கி, துணி துவைக்கும் சத்தம் எல்லாமே பதிவாகும். மகனைத் தேடி அந்தத் தாய் கதறியதும் அதில் இருக்கும். அப்புறம் போலீஸ் வரும். தவறி விழுந்தவன் யார், தள்ளிவிடப்பட்டவன் யார் என்று குளத்திடமே கேட்கலாம் அல்லவா? ஊரில் சிலர் குளத்தைத் தூர்க்க அவசரப்படுவார்கள். இது அருமையான அறிவியல் புனைகதை. ஆனால் இதன் மையத்தில் அந்தத் தாய் இருக்க மாட்டாள். இது வேறு கதை, இதைத் தனியாக எழுதுங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் கதையில் தாய் ஒரு இடத்தில்கூட "இது எப்படி நடக்கிறது" என்று கேட்பதில்லை. "நான் பேசினால் அவனுக்குக் கேட்குமா" என்றுதான் கேட்கிறாள். அவள் கேட்காத கேள்விக்கு இரண்டு பக்கம் பதில் சொன்னீர்கள், கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. கதை அங்கேதான் செத்தது. இந்தக் குளத்துக்கு ஒரு விதி வேண்டும். கேட்கக் கேட்கக் குரல் தேயுமா? ஒருத்தி கேட்டுவிட்டால் இன்னொருத்திக்குக் கிடைக்காதா? எதுவானாலும் சரி, முடிவெடுத்த பிறகு அவளுக்காக இரக்கப்பட்டு அதை மீறக்கூடாது.

வாசிப்பில் தேர்ந்தெடுக்கவே தேவையில்லை. உர்சுலா லெ குவின் 1968-இல் மந்திரம் பயிலும் சிறுவனைப் பற்றியும், அடுத்த ஆண்டே நிலையான ஆண், பெண் பால் இல்லாத மனிதர்கள் வாழும் கிரகத்தைப் பற்றியும் நாவல் வெளியிட்டார். இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள்.

கடைசி இரண்டு பக்கங்களை எடுத்துவிடுங்கள். மழை வந்து குளம் நிறையும் நாள் உங்கள் பிரதியில் இல்லவே இல்லை, அதை எழுதுங்கள். எழுதியதும் அனுப்புங்கள், கட்டாயம் வாசிக்கிறேன்.

அன்புடன்